ஊறுகாய்க்காக சந்தை போடாதீங்க, கீரைக்கும் மீனுக்கும் போடுங்க

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. எங்க குழுவுல 12 பொம்பளைங்க இருக்கோம், ஊறுகாய், பொடி, கருவாட்டுத் தொக்கு எல்லாம் வீட்லயே செஞ்சு விக்கணும்னு ஆசை, அதுக்கு ஊர்லயே விவசாயிங்க சந்தை மாதிரி ஒண்ணு வாரம் ஒரு நாள் போடலாமா, என்ன லைசென்ஸ் வேணும், எவ்வளவு கையில வேணும்னு. நான் மண்டபம் பக்கம். ஆறு வருஷமா எங்க ஊர் ஞாயித்துக்கிழமை சந்தைய நடத்துறவங்கள்ல நானும் ஒருத்தி, மிளகாப்பொடியும் இறால் ஊறுகாயும் என்னோட சொந்த யாவாரம். அதனால தெரிஞ்சத முழுசா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும் பொறுத்துக்கங்கமா.

முதல்ல ஒண்ணு. நீங்க கேட்டது ரெண்டு வேற வேற வேலை, சந்தை நடத்துறது ஒண்ணு, ஊறுகாய் பொடி செஞ்சு விக்கிறது இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டா ரெண்டுமே நிக்காது, நாங்க அப்படித்தான் ஆரம்பிச்சோம். 9 பேரு, 9 மேசை, எல்லா மேசையிலயும் ஊறுகாய், பொடி, முறுக்கு, அதிரசம். முதல் வாரம் ஊரே வந்துச்சு, சொந்தக்காரங்க எல்லாம் பாசத்துல ஆளுக்கு ரெண்டு பாட்டில் வாங்கிட்டு போனாங்க. ரெண்டாவது வாரம் பாதிக்கூட்டம். மூணாவது வாரம் உக்காந்து நாங்களே எங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு இருந்தோம். யோசிச்சு பாருங்க, ஒரு வீட்டுல ஒரு பாட்டில் ஊறுகாய் தீர ஒன்றரை மாசம் ஆகும், அது வரைக்கும் அவங்க எதுக்கு சந்தைக்கு வரணும்? ஆனா கீரை, கத்தரிக்கா, தக்காளி, மீன் இதெல்லாம் வாராவாரம் வேணும். வெஞ்சனத்துக்கு காய் வாங்க வர்ற கையிதான் பக்கத்து மேசையில இருக்குற பொடிய எடுக்கும். அதனால கீரைக்கட்டு, காய், மீன் கொண்டு வர்ற ஆள குறைஞ்சது பத்து பேர் சேத்துட்டு அப்புறமா உங்க பாட்டில கொண்டு போய் வைங்க. பத்துக்கு மூணு பங்குக்கு மேல பாட்டில், பாக்கெட்டு யாவாரம் வராம பாத்துக்கங்க, இது எங்க சந்தையில இப்பவும் சட்டம் மாதிரி வச்சிருக்கோம்.

சரி காய்க்கு எங்க போறது, நம்ம மாவட்டம் வானம் பாத்த பூமி. இதை மறைச்சு பேசி பிரயோசனம் இல்ல. ஐப்பசி கார்த்திகை மழை பெஞ்சு கண்மாய்ல தண்ணி நிக்கிற காலத்துல கத்தரி, வெண்டை, சுரை, பீர்க்கு, கொத்தவரை எல்லாம் வரும், கடற்கரை ஓரம் மணல் நிலத்துல ஊத்து தோண்டி கீரை போடுறவங்க இருப்பாங்க, உச்சிப்புளி பெரியபட்டினம் பக்கம்னா தேங்கா எப்பவும் இருக்கு. மார்கழி தையில பனங்கிழங்கு. மாசிக்கு மேல மிளகா வத்தல், தர்பூசணி. பங்குனியில இருந்து பதநீ, நுங்கு. சித்திரை வைகாசி வந்துட்டா பச்சைக்காய் ரொம்ப கம்மி, அப்ப மதுரை, ஒட்டன்சத்திரத்துல இருந்து வர்ற காய்தான் நம்ம ஊர் கடையில எல்லாம் ஓடுது. அந்த ரெண்டு மாசம் சந்தைய சாத்திட்டா திரும்ப கூட்டம் சேக்குறது ரொம்ப கஷ்டம்மா. அதனால நாங்க ஒரே ஒரு கடைக்கு மட்டும் வெளிக்காய் விக்க அனுமதி குடுத்திருக்கோம், ஆனா அவரு மேசையில "வெளியூர் காய்"னு பெரிய எழுத்துல அட்டை தொங்கும், மத்த மேசையில "ஊர்க்காய்"னு இருக்கும். ஜனங்க அந்த அட்டைய நம்பித்தான் நாலு ரூபா கூட குடுத்து ஊர்க்காய வாங்குறாங்க, அந்த நம்பிக்கைய ஒரு தடவை உடைச்சா அவ்வளவுதான்.

உழவர் சந்தைன்னு பேரு மட்டும் வைக்காதீங்க, அது அரசாங்கத்தோடது. 1999 நவம்பர் 14 மதுரை அண்ணா நகர்ல முதல்ல தொறந்தது. ஆனா அதுல இருந்து மூணு விஷயத்த அப்படியே எடுத்துக்கலாம். விளைவிக்கிற ஆளுதானான்னு பாத்து அட்டை குடுக்குறது, அன்னைக்கு வெலைய காலையில போர்டுல எழுதி போடுறது, எல்லாருக்கும் ஒரே மாதிரி தராசு. நாங்க அட்டை குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் நேர்ல போயி கொல்லைய பாத்துட்டு வருவோம். பாக்காம குடுத்தா மண்டியில மூட்டை எடுத்து வந்து சொந்தக்காய்னு விக்கிற ஆளு ரெண்டாவது மாசமே வந்துருவாரு.

கிழமை. இதுல நாங்க ரொம்ப அடிபட்டோம். முதல்ல சனிக்கிழமை சாயங்காலம் வச்சோம், நம்ம ஆளுங்க நிறைய பேர் சனிக்கிழமை கவிச்சி சாப்பிட மாட்டாங்க, புரட்டாசி சனின்னா கேக்கவே வேணாம், மீன் கொண்டு வந்த அக்கா ஐஸ் உருகி கண்ணீரோட திரும்பி போனாங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா, அதோட விரதம். கடைசியா ஞாயிறு காலை ஆறரையில இருந்து பத்தரைனு மாத்துனோம். சர்ச்ல பூசை முடிஞ்சு வர்றவங்களுக்கு எட்டு மணிக்கு மேல ஒரு கூட்டம், அதுக்கு முன்னாடி மத்தவங்க. ஆனா சனி ராத்திரி கடலுக்கு போகாத ஊர்ல ஞாயிறு காலை பச்சை மீன் வராது, அதனால பக்கத்து ஊர் நாட்டுப்படகுக்காரங்ககிட்ட முன்கூட்டியே பேசி வச்சோம். உங்க ஊர்ல எந்த நாள் வள்ளம் போகுது, எந்த நாள் தங்குதுன்னு பாத்துட்டு கிழமைய முடிவு பண்ணுங்க, பக்கத்துல ஏற்கனவே நடக்குற வாரச்சந்தை கிழமையில மட்டும் மோதாதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு நிக்கும், நாட்டுப்படகு மீன் மட்டும்தான், வெலை ஏறும். அந்த ரெண்டு மாசத்துக்குத்தான் கருவாடும் தொக்கும் சேத்து வைக்கணும், அப்பதான் உங்க பாட்டிலுக்கு உண்மையான கிராக்கி.

ஒருக்கா முடிவு பண்ணுன கிழமைய மழை பேஞ்சாலும் மாத்தாதீங்க. ரெண்டே ரெண்டு கடை வந்தாலும் போடணும். ஒரு கார்த்திகை மாசம் அடை மழையில நானும் கீரை விக்கிற ஒரு பாட்டியும் மட்டும் தார்ப்பாய்க்கு கீழ உக்காந்திருந்தோம், அன்னைக்கு வந்த ஏழெட்டு வீடு இன்னிக்கு வரைக்கும் எங்க வாடிக்கை.

இடத்துக்கு வருவோம். புறம்போக்குல, பஞ்சாயத்து இடத்துலன்னா ஊராட்சியில தீர்மானம் போடச் சொல்லுங்க, வாய் வார்த்தையில தலைவர் சரின்னு சொன்னத நம்பி கொட்டகை போடாதீங்க, அடுத்த தேர்தல்ல ஆளு மாறுனா கதை மாறிரும். தனியார் இடத்துல சந்தை போட்டாலும் பஞ்சாயத்து லைசென்ஸ் வேணும், 1994 ஊராட்சிகள் சட்டத்துல அது இருக்கு. கோயில் திடல், ஜமாஅத் இடம், சர்ச் வளாகம் எதுன்னாலும் மூணு தரப்பு பெரியவங்களையும் ஒண்ணா உக்கார வச்சு பேசுனா நல்லது, நம்ம கரையில ஒரு ஊர்ல மூணு மதமும் இருக்கும், ஒருத்தர் இடத்துக்கு இன்னொருத்தர் வர தயங்கக்கூடாது. எங்களுக்கு பஸ் ஸ்டாப் பக்கத்து பொது இடம் கிடைச்சதுல அந்த பிரச்சனையே வரல. கடற்கரையிலயே கொட்டகை போடலாம்னு யாராவது சொன்னா வேணாம்னுடுங்க, கடலோர ஒழுங்குமுறை விதி குறுக்க வரும், அதோட உப்புக்காத்துல தராசு, மூடி எல்லாம் துரு புடிக்கும்.

காசு ரொம்ப ஆகாது. நாங்க 14 பேர் தலைக்கு 500 போட்டு 7000 ரூபாயில தார்ப்பாய், கயிறு, ரெண்டு பெஞ்சு, வெலைப்பலகை வாங்குனோம், மேசை அவங்கவங்க வீட்டுல இருந்து. வாரம் ஒரு கடைக்கு 30, கீரைக்கட்டு விக்கிறவங்களுக்கு 10, அது கூட்டுறதுக்கும் குடிதண்ணி குடத்துக்கும் போகும். கணக்கு நோட்ட மாசம் ஒரு தடவை எல்லாரும் இருக்கும்போது சத்தமா படிங்க.

இப்ப உங்க யாவாரம். 12 பேர் சேர்ந்து 20 வகை செய்யலாம்னு தோணும், செய்யாதீங்க. ஒண்ணு, மிஞ்சுனா மூணு. நம்ம ஊர்ல மட்டும் கிடைக்கிறத எடுங்க. சம்பா வத்தல் எங்கயும் கிடைக்கும், ஆனா முதுகுளத்தூர், கடலாடி, கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் விளையுற முண்டு மிளகா நம்மளோடது, ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. உருண்டையா தடிச்ச தொலியோட நல்ல செகப்பு, அந்த நிறத்துக்கே மீன் குழம்பு தனியா தெரியும். நேரா விவசாயிகிட்ட களத்துலயே போய் வாங்குங்க, கையில எடுத்து குலுக்குனா விதை சலசலன்னு சத்தம் கேக்கணும், அப்பதான் காஞ்சிருக்குன்னு அர்த்தம். வெளுத்தது, கருப்பு புள்ளி விழுந்தது ஒண்ணு ரெண்டு இருந்தாலும் பொறுக்கி போட்டுடுங்க, பூஞ்சை புடிச்ச வத்தல அரைச்சா நிறத்துல தெரியாது ஆனா உடம்புக்கு கேடு. லேபிள்ல புவிசார் குறியீடு முத்திரை போடணும்னா அதுக்கு தனியா பயனாளரா பதிவு பண்ணனும், சும்மா போட்டுக்க முடியாது.

வெலை வைக்கிறதுல பொம்பளைங்க எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, அத கிட்டக்க வச்சு காட்டுறேன். ஒரு கிலோ வத்தல் 200 ரூபாய்க்கு வாங்குனதா வைங்க. 100 கிராமுக்கு 20தான ஆகுது, 40க்கு வித்தா டபுள் லாபம்னு மனசு கணக்கு போடும். ஆனா காம்பு கிள்ளி, மறுபடி காய வச்சு, அரைச்சு, சலிச்சு எடுத்தா என் கைக்கு 860 கிராம்தான் வருது. அது 100 கிராம் பாக்கெட்டு எட்டு, மிச்சம் வீட்டுக்கு. அரவைக்கூலி 40. கவர், லேபிள் ஒண்ணுக்கு ஆறுன்னா 48. காம்பு கிள்ளுறதுல இருந்து பாக்கெட்டு போடுற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேர வேலை, அதுக்கு கூலி 100. ஆட்டோவும் சந்தை வாடகையும் பங்கு போட்டா ஒரு 30. கூட்டிப் பாருங்க, 418. எட்டால வகுத்தா ஒரு பாக்கெட்டு 52 ரூபா அடக்கம். 40க்கு வித்தா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 12 ரூபா நம்ம கையில இருந்து போகுது, நாம கூலிய கணக்குல எழுதாததால அது கண்ணுக்கு தெரியாது. நான் முதல் வருஷம் முழுக்க இப்படித்தான் வித்தேன், ஓய்வே இல்லாம உழைச்சும் டப்பாவுல காசு இல்ல. 65 வச்சப்ப ரெண்டு பேர் முறைச்சாங்க, ஆனா வாங்குறத நிறுத்தல. வத்தல் வெலை வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும், தையில இருந்து சித்திரைக்குள்ள அறுவடை வரும்போது வருஷத்துக்கு வேணுங்கிறத வாங்கி காய வச்சு வச்சிருங்க.

ஊறுகாய், தொக்கு விஷயத்துல கைய கும்பிட்டு கேட்டுக்கிறேன், பொடியில ஆரம்பிங்க, மீன் இறால் பாட்டிலுக்கு ஒரு வருஷம் கழிச்சு வாங்க. எனக்கு ஒரு தடவை 40 பாட்டில் இறால் ஊறுகாய் போச்சு. இறால சரியா வறுக்காம உள்ள ஈரம் நின்னுடுச்சு, வினிகர் வாசனை கொழுந்தியாளுக்கு புடிக்கலன்னு குறைச்சு ஊத்திட்டேன். பத்தாவது நாள் ஒரு மூடிய தொறந்தப்ப புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு, எண்ணெய்க்குள்ள சின்னச் சின்ன குமிழி ஏறுது. வித்த பாட்டில் எல்லாத்தையும் வீடு வீடா போய் திருப்பி வாங்கி காசு குடுத்தேன், குழி வெட்டி புதைச்சேன். எண்ணெய் மேல நின்னா கெடாதுன்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்க, அது பாதி உண்மைதான். எண்ணெய்க்கு கீழ காத்து இல்லாத இடத்துல வளர்ற கிருமி இருக்கு, புளிப்பு பத்தலைன்னா அது விஷம் உண்டாக்கும், வாசனையில கூட தெரியாது. புளிப்ப அளக்குற பிஹெச் (எண்ணு குறைஞ்சா புளிப்பு கூட) 4.6க்கு கீழ இருந்தா அது வளராது. பிஹெச் பேப்பர் மருந்துக் கடையில, லேப் சாமான் கடையில கிடைக்கும், ஒவ்வொரு தடவை செஞ்சு இறக்கும்போதும் எண்ணெய் படாத மசாலாவ எடுத்து தொட்டுப் பாருங்க, நான் 4க்கு கிட்ட இருந்தாத்தான் பாட்டில்ல அடைக்கிறேன். கரண்டி, பாட்டில் எல்லாத்தையும் கொதிதண்ணியில போட்டு வெயில்ல முழுசா காய வைக்கணும். தண்ணி எந்த தண்ணின்னும் பாக்கணும், நம்ம ஊர் கிணத்து உப்புத்தண்ணி சமையலுக்கு சுவையையே மாத்திரும், நான் குழாய்ல வர்ற காவிரி தண்ணிதான் புடிச்சு வச்சு பயன்படுத்துறேன்.

கருவாடுன்னா மணல்ல காய வைக்கிறத முதல்ல விடுங்க. வாங்குனவங்க திட்டுறது உப்புக்கு இல்ல, பல்லுல நறநறன்னு கடிபடுற மணலுக்குத்தான். இடுப்பு உயரத்துல நாலு கம்பு ஊணி பழைய வலைய இழுத்துக் கட்டி அதுல நெத்திலிய பரப்புனா கீழயும் மேலயும் காத்து போகும், மணலும் ஒட்டாது, நாயும் தொடாது. பெரிய மீன்னா குடல எடுத்து கழுவி, நாலு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு கணக்குல போட்டு ஊற வச்சு காய வைங்க. ஈ மொய்க்காம இருக்க மேல ஒரு கொசுவலை, பூச்சி மருந்து பக்கமே போகாதீங்க, சில இடத்துல அடிக்கிறாங்க, அது பாவம்.

பேப்பர் வேலை நீங்க பயப்படுற அளவுக்கு இல்ல. உணவு பாதுகாப்புத் துறை பதிவு, எஃப்எஸ்எஸ்ஏஐன்னு சொல்றது, சின்ன யாவாரத்துக்கு ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் போதும், ஃபாஸ்காஸ்ங்கிற அவங்க சைட்ல ஆதார், போட்டோ வச்சு நாமளே போடலாம், நான் எடுத்தப்ப வருஷத்துக்கு 100 ரூபாதான். ஏஜென்ட்டுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் அழுவாதீங்க. 12 பேரும் ஒரே இடத்துல சமைச்சா அந்த இடத்துக்கு ஒண்ணு, அவங்கவங்க வீட்டுல செஞ்சா ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. தான் விளைவிச்ச காய விக்கிற விவசாயிக்கும் தான் புடிச்ச மீன விக்கிற மீனவருக்கும் இது தேவையில்ல. லேபிள்ல பேரு, என்னென்ன சேத்திருக்கு, எடை, செஞ்ச தேதி, எது வரைக்கும் சாப்பிடலாம், வெலை, அட்ரஸ், போன், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், சைவத்துக்கு பச்சை வட்டம், அசைவத்துக்கு பழுப்பு முக்கோணம். தராசுக்கு தொழிலாளர் துறையில முத்திரை, எலக்ட்ரானிக்னா வருஷா வருஷம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், காசு கேக்குறவன் ஏமாத்துறான். ஊறுகாய வெளி மாநிலத்துக்கு அனுப்ப போறீங்கன்னா மட்டும் அதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி பத்தி ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க, நம்ம மாநிலத்துக்குள்ள விக்கிற கணக்கு வேற, அது வேற.

கடன் வேணும்னா பிஎம்எஃப்எம்இனு சின்ன உணவுத் தொழிலுக்கு மத்திய அரசு திட்டம் ஒண்ணு 2020ல வந்தது, பேங்க் கடன் எடுத்து மெஷின் வாங்குனா திட்டச் செலவுல 35 சதவீதம் மானியம், கூடுனது 10 லட்சம் வரைக்கும். மாவட்டத் தொழில் மையத்துலயும் மகளிர் திட்ட ஆபீஸ்லயும் அப்ப என்ன நடப்புல இருக்குன்னு கேட்டுக்கங்க. ஆனா ஒரு வருஷம் கையரவையிலயும் மில்லுலயும் ஓட்டி வாடிக்கை வந்த பிறகு மெஷின் வாங்குங்க. மானியம் வருதுன்னு முதல்லயே வாங்கிட்டு தவணை கட்ட முடியாம நகைய வச்சவங்கள பாத்திருக்கேன்.

யாரு வாங்குவா? ராமேஸ்வரம் வர்ற யாத்ரீகங்கள நம்பி மீன் ஊறுகாய் செய்யாதீங்க, தீர்த்தமாட வந்தவங்க கவிச்சி தொட மாட்டாங்க, அவங்களுக்கு கருப்பட்டி, பனங்கற்கண்டு, பொடி. சாயல்குடி பக்கம் போனா பனையேறி குடும்பத்துகிட்ட பதநீ காய்ச்சுற இடத்துலயே நின்னு பாத்து வாங்கலாம், சீனி கலந்த கருப்பட்டி இப்ப எங்க பாத்தாலும் ஓடுது, கண்ணால பாத்தத மட்டும் உங்க பேர்ல வில்லுங்க. மழைக்காலத்துல இளகும், அடுப்புக்கு மேல பரண்ல புகை படுற மாதிரி வைங்க. தொக்கு, கருவாடு, பொடி இதுக்கெல்லாம் நல்ல ஆளுங்க சபுராளி வீடுங்கதான், வெளிநாட்டுக்கு சம்பாதிக்க போறவங்கள அப்படித்தான் சொல்லுவோம், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டுல ஆளு இல்லாத வீடு கம்மி, லீவு முடிஞ்சு கிளம்புற வாரம் பெட்டிக்கு வாங்குவாங்க, வாசனை வெளிய வராம நல்லா சீல் பண்ணி குடுத்தா அடுத்த தடவை அவங்களே தேடி வருவாங்க. கீழக்கரை தொதல்ங்கிற இனிப்பு செய்யத் தெரிஞ்ச பொம்பளை உங்க குழுவுல இருந்தா அத ரம்ஜான் நேரத்துக்கு மட்டும் வைங்க, தேங்காப்பால ஊத்தி மணிக்கணக்கா கிண்டுற வேலை, தினம் செஞ்சா கை போயிரும். பாக்கெட்டுக்கு மேல பனையோலைக் கொட்டான்ல வச்சு குடுங்க, ஒருக்கா பயன்படுத்தி தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு 2019ல இருந்தே தடை, ஓலை முடையுற பாட்டிங்களுக்கும் சந்தையில ஒரு இடம் ஆச்சு.

சந்தையில கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை எதையும் யாரையும் வைக்க விடாதீங்க, காஞ்சதா இருந்தாலும் வனத்துறை வழக்கு, மொத்த சந்தைக்கும் கெட்ட பேரு.

கடைய வரிசையா போடும்போது கருவாட்டு மேசைய காத்து போற பக்கத்து ஓரத்துல வைங்க. கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல ஒரு ஓரம், வாடை அடிக்கிற மாசத்துல எதிர் ஓரம், நாங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை இடம் மாத்துறோம். அதிரசமும் பூவும் விக்கிறவங்கள நடுவுல கருவாட்டு வாசம் படாத இடத்துல உக்கார வைங்க, பச்சை மீனுக்கு தண்ணி ஓடுற சரிவு பக்கம். கீரைக்கட்டு வாசல்லயே இருக்கட்டும், வர்றவங்க கண்ணுல முதல்ல பச்சை படணும். தையில ஆரம்பிக்கிறதா இருந்தா கார்த்திகையிலயே கீரைக்காரங்ககிட்ட போய் பேசிருங்க, விதை தெளிச்சு கட்டு கட்ட அவங்களுக்கு ஒரு மாசம் வேணும்.